இரு கூறாய விசைப்பலகையும் பதினொருவர் கூட்டும்

பொன்விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபோது, கல்லூரி நாட்களைப் பற்றிய நினைவுகளை மற்றையோர் என்னினும் நன்றாக எழுதுவர் என்று எண்ணி, என் கைக்கு அண்மையிலுள்ள ஒரு பொருளையே தேர்ந்துகொண்டேன். ‘கைக்கு அண்மையிலுள்ள’ என்பதை நேர்ப்பொருளிலேயே கொள்க. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக எழுதுவினைஞனாகவும் பின்னர் மொழிபெயர்ப்பாளனாகவும் தட்டெழுத்துச் செய்து பிழைத்தவன் யான். தொண்டைமானாற்றில் என் வீட்டுத் திண்ணையிலிருந்து இன்றும் அத்தொழிலையே செய்கின்றேன். சில ஆண்டுகளுக்கு முன் என் வலது மணிக்கட்டு நோகத் தொடங்கியது. வைத்தியர் கைக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார். ஓய்வு கொடுத்தால் அரிசிக்கு வழியில்லை. அந்நிலையிற் பிறந்த முயற்சியே ஈண்டுச் சொல்லப்படுவது.

நடுவே இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு கைக்கும் ஒவ்வொரு பாதியாக அமைந்த விசைப்பலகை ஒன்றைப் பழைய மாணவர் பதினொருவர் சேர்ந்து வரைந்தோம், சேர்ந்து வாங்கினோம், சேர்ந்து பொருத்தினோம். இத்தகைய பலகைகள் மேனாடுகளிற் பல உள. ஆயின் தமிழைக் கருத்திற் கொண்டு அமைந்ததொன்று எங்கள் கண்ணிற் படவில்லை. கடையில் இல்லாத பொருளை ஒருவன் தனியே செய்விக்கப் புகுந்தால் ஆகும் செலவை ஓர் எழுதுவினைஞனின் ஓய்வூதியம் தாங்காது. ஆகவே கூட்டு வேண்டியதாயிற்று.

தமிழுக்கென விசைப்பலகை வரைந்து அந்நிய தேசத்துத் தொழிற்சாலையிற் செய்வித்த முதல்வர்கள் நாங்கள் அல்லேம். யாழ்ப்பாணத்தவர் ஒருவர் அதனை நூறு ஆண்டுகளுக்கு முன்னரே தொடங்கிவிட்டார். 1886 இல் சுண்டிக்குளியிற் பிறந்து, இளமையிலேயே மலாயா சென்று எழுதுவினைஞராகப் பணியாற்றிய ஆர். முத்தையா அவர்களே அவர். தமிழ்த் தட்டெழுத்துப் பொறியின் தந்தை என்று அவரைச் சொல்லுதல் வழக்கு. அவர் முன்னிருந்த இடர்ப்பாட்டைச் சற்றே எண்ணிப் பாருங்கள். தமிழ் நெடுங்கணக்கில் எழுத்து 247. ஆங்கிலப் பொறியிலோ விசைகள் நாற்பத்துச் சில்லறை; ஒவ்வொன்றுக்கும் மேல் கீழ் என இரு வடிவம் கொண்டாலும் தொண்ணூறு அளவிலேயே நின்றுவிடும். எழுத்துகளைக் கூறு கூறாகப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்றை அடித்து முழுமையாக்குவதொன்றே வழி. இதற்கு உதவியது நகரா விசை. அதனை அடித்தால் வடிவம் தாளிற் பதியும். ஆனால் வண்டி நகராது. அடுத்து அடிக்கும் எழுத்து அவ்விடத்திலேயே விழும். புள்ளியை முதலில் அடித்துப் பின்னர் மெய்யை அடிக்கும் வழக்கம் இவ்வாறு வந்ததே. இளமையிற் பொறியிற் பயின்ற எம் போன்றோருக்குப் புள்ளி முன்னும் எழுத்துப் பின்னுமாகவே இன்றும் மனம் ஓடும்.

முத்தையா அவர்கள் வரைந்த அமைப்பைக் கொண்டு, முதலாம் உலகப் போருக்குப் பின், ஜேர்மனியின் டிறெஸ்டன் நகரத்துச் சைடல் உன்ட் நௌமான் என்னும் தொழிற்சாலையார் தமிழ்ப் பொறிகளைச் செய்தனர். ‘பிஜூ’ என்ற பெயருடைய சிறு பொறியை முதியோர் சிலர் இன்னும் நினைவு வைத்திருக்கலாம். ஒரு தொழிற்சாலை ஒரு மொழிக்கென அச்சுருக்களைப் புதிதாக வெட்ட வேண்டுமாயின், வாங்குவோர் போதிய தொகையினர் உளர் என்ற நம்பிக்கை அதற்கு வேண்டும். அன்றும் இன்றும் இச்சிக்கல் ஒன்றே. வரைபடம் மூளையிலிருந்து வரும். பொருள் எண்ணிக்கையிலிருந்தே வரும்.

இனி, பிளப்பது எதற்காக என்ற வினாவுக்கு வருவோம். மேசைமேல் இரு கைகளையும் இயல்பாக நீட்டி வையுங்கள். முன்கைகள் தோளகலத்தில், சற்றே உள்நோக்கிச் சாய்ந்து கிடக்கும். இப்போது சாதாரண விசைப்பலகையின் நடு நிரையில் விரல்களை வையுங்கள். கைகள் ஒன்றையொன்று நெருங்கும். நெருங்கியபின் விரல்கள் நேரே நிற்க வேண்டி, மணிக்கட்டு இரண்டும் சுண்டுவிரற் பக்கமாக வளையும். உள்ளங்கை முற்றாகக் கீழ்நோக்கித் திரும்பும். நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் அவ்வளைவிலேயே விரல்கள் ஓடுகின்றன. பலகையைப் பிளந்து தோளகலத்தில் வைத்தால் அவ்வளைவு நீங்கும். நடுப்பக்கத்தைச் சற்றே உயர்த்தி வைத்தால் திருகலும் குறையும். இவ்வளவையும் அளந்து கண்டிருக்கின்றனர். ஆனால் பிளந்த பலகை நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வோர் கூறுவது மிகை. வளைவு குறையும் என்பது உறுதி; வலி குறைவதோ ஆளுக்கு ஆள் வேறுபடும். எனக்குக் குறைந்தது. எங்கள் குழுவில் ஒருவருக்கு எவ்வித மாற்றமும் தெரியவில்லை என்பதையும் மறைக்காமற் சொல்லுகின்றேன்.

இக்கருத்துப் புதியதன்று. 1926 இல் ஜேர்மானியரான கிளொக்கென்பேர்க் என்பார் தட்டெழுத்துப் பொறியைச் சீர்திருத்துவது பற்றி எழுதிய நூலிற் பலகையை இரு கூறாக்க வேண்டுமென்றார். குறோமர் என்பார் 1972 இல் இதனைச் சோதனை முறையில் ஆராய்ந்து எழுதினார். அதே பத்தாண்டில் இங்கிலாந்தில் லிலியன் மால்ட் என்னும் அம்மையாரும் ஸ்டீவன் ஹொப்டேயும் சேர்ந்து குழிந்த வடிவில் ‘மால்ற்றன்’ என்ற பலகையைச் செய்தனர். அவ்வம்மையார் தட்டெழுத்துப் பயிற்றியவர். விரல்களின் துன்பத்தை அருகிருந்து கண்டவர். பெருந்தொகையினர் இவ்வகைப் பலகையைக் கண்டது 1994 இல் மைக்றோசொவ்ற் நிறுவனம் நடுவில் வளைந்த பலகையை விற்கத் தொடங்கிய பின்னரே.

இன்னொரு குறையும் உண்டு. அது பலருக்குத் தெரியாதது. சாதாரணப் பலகையில் மேல் நிரையும் கீழ் நிரையும் ஒன்றுக்கொன்று நேராக இல்லாமற் சரிந்து நிற்பதைக் காண்கிறீர்கள் அல்லவா? விரலுக்கு அதனால் யாதொரு நன்மையும் இல்லை. பழைய பொறியில் ஒவ்வொரு விசையின் நெம்புகோலும் மற்றவற்றின் இடையே புகுந்து செல்ல வேண்டியிருந்ததால், நிரைகளைச் சரித்து வைத்தனர். நெம்புகோல்கள் போய் நெடுங்காலமாயிற்று. சரிவு மட்டும் நிற்கிறது. விரலோ நேராகவே நீளும், நேராகவே மடங்கும். எனவே புதிய பலகைகளில் விசைகளை நேரான நிரல்களில் வைத்து, நடுவிரலுக்குரிய நிரலைச் சற்று மேலேற்றி, சுண்டுவிரலுக்குரியதைச் சற்றுக் கீழிறக்குவர். பெருவிரல்களுக்கும் தனித்தனி விசைகள் கொடுப்பர். எங்கள் பலகைக்கு மூலமாகக் கொண்டது ‘கோர்னே’ என்னும் வரைபடம். ஜப்பானியர் ஒருவர் வரைந்து, யாவரும் படியெடுக்கலாம் என்று திறந்து விட்டது அது. ஒரு பாதியில் ஆறு நிரல், மூன்று நிரை, பெருவிரலுக்கு மூன்று விசை: ஆக 21. இரு பாதிக்கும் 42.

வரையும் முறையைச் சுருங்கச் சொல்லுவேன். கையை வெள்ளைத் தாளில் இயல்பாக வைத்து, விரல் நுனிகள் தொடும் இடங்களைப் பென்சிலாற் குறிக்க வேண்டும். பின்னர் விரல்களை மடக்கியும் நீட்டியும் மேல் கீழ் நிரைகளைக் குறிக்க வேண்டும். இதனை மாலையிற் களைத்த கையுடன் செய்வதே நல்லது. காலையிற் கை பொய் சொல்லும். அக்குறிகளைத் தடித்த அட்டைக்கு மாற்றி, விசையின் நடுவுக்கும் அடுத்த விசையின் நடுவுக்கும் 19 மில்லிமீற்றர் என்ற கணக்கிற் சதுரங்கள் வரைந்து, வெறும் அட்டையின் மேலேயே ஒரு வாரம் விரலோட்டிப் பார்க்க வேண்டும். பதினொருவர் கைகளும் பதினொரு விதமாயிருந்தன. சுண்டுவிரல் நிரலை எவ்வளவு கீழிறக்குவது என்பது பற்றி மட்டும் மூன்று வாரம் கடிதப் போக்குவரத்து நடந்தது. கனடாவிலிருந்த ஒருவர் தம் அட்டையைப் படம் பிடித்து அனுப்பியபோது, அவர் கை எல்லோர் கையினும் அரை விரற்கடை நீளமானது என்று கண்டு, அவரைக் கணக்கிலிருந்தே நீக்கிச் சராசரி கண்டோம். அவர் அதனை இன்னும் மன்னிக்கவில்லை.

இதனினும் சுவையானது எழுத்துகளை எங்கே வைப்பது என்ற வினா. ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் பலர் பழகியது பாமினி முறை. இடக்கை நடு நிரையில் ய, ள, ன, க. வலக்கையில் த, ம, ட, புள்ளி. இது பழைய பொறியின் வழி வந்தது. இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் 2008 இல் 1326 ஆம் இலக்கக் கட்டளையால் ரெங்கநாதன் விசைப்பலகையைத் தரமாக்கியது. தமிழகத்திலோ 1999 இற் சென்னையிற் கூடிய தமிழிணைய மாநாட்டின் பின் ‘தமிழ் 99’ என்னும் அமைப்பு அரசால் ஏற்கப்பட்டது. யான் பாமினியில் ஊறியவன். ஆயினும் பிளந்த பலகைக்குத் தமிழ் 99 இன் மேல் பொருத்தமானது கிடையாது என்பதை ஒப்புக்கொள்கின்றேன். காரணம் எளிது. அதில் உயிரெழுத்துகள் பன்னிரண்டும் ஆய்தமும் இடக்கையில். மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். பலகையைப் பிளந்தால் நெடுங்கணக்கே உயிர், மெய் என இரண்டாகப் பிரிந்து நிற்கும்.

மெய் விசையைத் தட்டினால் அகரமேறிய எழுத்து வரும். அதன்பின் உயிர் விசையைத் தட்டினால் உயிர்மெய்யாகும். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முன்னதற்குப் புள்ளி தானே விழும். ந்த, ங்க, ம்ப போன்ற இனவெழுத்துக் கூட்டங்களிலும் அவ்வாறே. ‘அம்மா’ என்பதற்கு நான்கு தட்டு. ‘யாழ்ப்பாணம்’ என்பதற்குப் பத்து: ய, ஆ, ழ, புள்ளி, ப, ப, ஆ, ண, ம, புள்ளி. கை மாறி மாறி வருவதைத் தட்டிப் பார்த்தால் உணரலாம்.

குறையும் உண்டு. அகரம் மெய்யுடன் தானே வருவதால் ‘மரம்’, ‘கடல்’, ‘படகு’ போன்ற சொற்களில் வலக்கை ஓயாது ஓடும்; இடக்கை புள்ளிக்கோ உகரத்துக்கோ காத்திருக்கும். மேலும், அகர விசை சொல்லின் முதலில் மட்டுமே பெரிதும் வேண்டப்படுவது. அது நடு நிரையில் நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. புள்ளியோ வரிக்குப் பலமுறை வருவது. ஆகவே புள்ளியை இடக்கைப் பெருவிரலுக்கு மாற்றினோம். இம்மாற்றம் ஒன்றுக்காகவே இப்பலகையைச் செய்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

தமிழ் 99 இல் வகரமும் ஙகரமும் மட்டும் இடக்கைப் பக்கம் தங்கிவிட்டன. எங்கள் குழுவிலிருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர், அவ்விரண்டையும் வலக்கைக்குக் கொணர்ந்து பதினெட்டு மெய்யும் ஒருங்கே நிற்கச் செய்ய வேண்டும் என்று வாதிட்டார். ஆறு நிரல், மூன்று நிரை, பதினெட்டு விசை, பதினெட்டு மெய்! கணக்கும் அழகாகவே பொருந்தியது. ஆயினும் வலக்கைக்கு முன்னரே பளு மிகை. வகரமோ அடிக்கடி வருவது. இலக்கணம் ஒருபக்கம் இழுக்க, கை மறுபக்கம் இழுத்தது. வாக்கெடுப்பிற் கை வென்றது. ‘வா’, ‘வீடு’ என்று தட்டும்போது இடக்கையே இருமுறை தட்ட வேண்டியிருப்பதை ஆசிரியர் இன்றும் சுட்டிக்காட்டுவார்.

இம்மாற்றங்களுக்காகக் கணினியிற் புதிய எழுத்துருவோ புதிய மென்பொருளோ வேண்டியதில்லை. பலகையின் வயிற்றில் இருக்கும் சிறு கட்டுப்படுத்தி, எந்த விசை அழுத்தப்பட்டால் எந்தக் குறியீட்டை அனுப்புவது என்ற அட்டவணையை வைத்திருக்கிறது. கியூ. எம். கே. என்ற திறந்த செய்நிரலால் அவ்வட்டவணையை நாம் எழுதலாம். பெருவிரலுக்கு எந்தக் குறியீட்டைக் கொடுத்தாலும் கணினிக்கு அஃது எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

மின்சுற்றைப் பற்றிச் சில வரி போதும். 21 விசைக்கு 21 கம்பி இழுப்பதில்லை. நான்கு நிரை, ஆறு நிரல் என வலை போலக் கோத்தால் பத்துக் கம்பி போதும். பல விசைகள் ஒருங்கே அழுந்தும்போது பொய்யான எழுத்துத் தோன்றாதிருக்க ஒவ்வொரு விசைக்கும் ஓர் இருவாயி வேண்டும். சுற்றுப்பலகையை இருபுறமும் பொருத்தக்கூடியதாக வரைந்தால், ஒரே பலகை நிமிர்ந்தால் இடக்கைக்கும் கவிழ்ந்தால் வலக்கைக்கும் ஆகும். இருவகை செய்விக்கும் செலவு மிச்சம். இரு பாதிகளையும் இணைக்கும் வடத்தை மின் ஓடும்போது பிடுங்கலாகாது. பிடுங்கினால் முனைகள் ஒன்றோடொன்று தொட்டுக் குறுஞ்சுற்று ஏற்படும். கட்டுப்படுத்தி ஒன்று இவ்வாறு என் கையாலேயே மாண்டது.

இனிக் கூட்டுக் கொள்வனவு. ஒரு கணக்குக்காக, ஒரு பொருளைச் செய்யத் தொடங்குமுன் ஆகும் ஆயத்தச் செலவு ரூபா 60,000 என்றும், பின்னர் ஒவ்வொன்றுக்கும் ஆவது ரூபா 2,000 என்றும் கொள்வோம். ஒருவர் தனியே செய்வித்தால் 62,000. பதின்மர் சேர்ந்தால் தலைக்கு 8,000. நூற்றுவர் சேர்ந்தால் 2,600. இவ்வளவே இதன் சூத்திரம். மேனாடுகளில் 2010 களின் முற்பகுதியில் ‘மாஸ்டிறொப்’ போன்ற நிறுவனங்கள் ‘ஏர்கோடொக்ஸ்’ என்னும் பிளந்த பலகையின் உறுப்புகளை இம்முறையில் விற்றன. முன்பின் அறியாதார் பலர் பணம் கட்டி மாதக்கணக்கிற் காத்திருந்தனர். நமக்கு இது புதிதா? சீட்டுப் பிடித்து நகை செய்தவர்களும், கூட்டுறவுச் சங்கத்தில் உரமூட்டை வாங்கியவர்களும் ஆயிற்றே நாம். எங்களூர் வெளிக்கள நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பாடசாலை ஒவ்வொன்றும் தனித்தனியே வினாத்தாள் ஆக்கி அச்சிட்டு அல்லற்படாமல், ஆசிரியர்கள் ஓரிடத்திற் கூடி ஆக்கிய வினாத்தாளை வடபுலத்துப் பாடசாலைகள் பலவற்றின் மாணவரும் எழுதுகின்றனர். ‘தொண்டைமானாற்றுச் சோதனை’ என்றால் உயர்தர மாணவர் அறியாதார் இலர். ஆக்குவோர் சிலர், பயன்கொள்வோர் பலர் என்ற அதே முறைதான்.

ஆயின் சீட்டைப் போலவே இதற்கும் நம்பிக்கையே முதல். கூட்டுறவுச் சங்கத்திற் கணக்கு எழுதியிருந்த ஒருவரைப் பொருளாளராக்கி, இருவர் கையொப்பமின்றிப் பணம் எடுக்க முடியாத வங்கிக் கணக்கைத் திறந்தோம். முதலில் விருப்பம் கேட்டபோது பெயர் கொடுத்தவர் பத்தொன்பது பேர். முற்பணம் கேட்டபோது நின்றவர் பதினொருவர். விருப்பத்தின் பேரில் விலை கேட்டிருந்தால் எண்மரின் சுமை எஞ்சியோர் தலையில் விழுந்திருக்கும். முற்பணம் கைக்கு வருமுன் எவருக்கும் விலை சொல்லலாகாது என்பதை அன்று கற்றோம்.

மாதிரிப் பலகை ஐந்து முதலில் வெளிநாட்டுப் பட்டறை ஒன்றிற் செய்வித்தோம். வந்தபின் பார்த்தால், பெருவிரல் விசைகளின் துளைகள் கண்ணாடியிற் கண்டது போல இடம் வலம் மாறியிருந்தன. பட்டறையின் பிழையன்று, வரைந்த என் பிழை. ஐந்துடன் போயிற்று. மாதிரி பார்க்காமல் முழுத் தொகையையும் செய்வித்திருந்தால் பதினொருவர் பணமும் தொண்டைமானாற்றுக் கடலிற் போயிருக்கும்.

எல்லாவற்றையும் வெளியிலிருந்து வாங்க வேண்டும் என்பதில்லை. சுற்றுப்பலகை, விசைகள், கட்டுப்படுத்தி ஆகியவற்றையே கூட்டாக வாங்கினோம். விசைகள் செரி என்னும் ஜேர்மன் நிறுவனத்தாரின் எம். எக்ஸ். வகையை ஒத்தவை, நான்கு மில்லிமீற்றர் இறங்குவன, பாதி வழியிலேயே எழுத்து விழும், விரலை அடிவரை குத்த வேண்டியதில்லை. மரப்பெட்டியும் மணிக்கட்டுத் தாங்கியும் ஊரிலேயே வேப்பம் பலகையிற் செய்தோம். ஒரு காலத்திற் கடலோடும் கப்பல் கட்டிய வல்வெட்டித்துறை பக்கத்தில் இருக்க, ஒரு பெட்டிக்குப் பிளாத்திக்கு வார்ப்பு அச்சு வெட்டுவிப்பது எனக்கு நாணமாயிருந்தது. விசை மூடிகளில் தமிழெழுத்துப் பொறிப்பதும் அவ்வாறே. இருநிற வார்ப்பானால் எழுத்துக்கு ஓர் அச்சு வெட்ட வேண்டும், பதினொருவருக்குக் கட்டாது. சாயத்தை வெப்பத்தால் ஊடுருவச் செய்யும் முறையே மலிவு.

விசைகளுக்குப் பணம் அனுப்ப நாள் குறித்தபின்னரே உண்மையான சோதனை வந்தது. பதினொருவருள் ஒருவர் என் வகுப்புத் தோழர். போரின் இறுதி ஆண்டுகளில் இடக்கையின் மோதிரவிரலையும் சுண்டுவிரலையும் இழந்தவர். மனுக்களும் விண்ணப்பங்களும் தட்டிக் கொடுத்துச் சீவிப்பவர். அதுவரை அவர் ஒன்றும் சொல்லவில்லை. வரைபடம் முடிந்தபின்தான், ‘நான் வலப் பாதிக்கு மட்டும் பணம் கட்டலாமா?’ என்று கேட்டார். தமிழ் 99 இற் பன்னிரண்டு உயிரும் இடக்கையில் அன்றோ? உயிரெல்லாம் அக்கையில் இருக்க, அக்கையில் விரல் இரண்டும் பெருவிரலுமே இருந்தன.

அவருக்கென வேறொரு சுற்றுப்பலகை செய்வித்தால், பட்டறையார் ஐந்துக்குக் குறைந்து செய்யார். அச்செலவை எல்லோரும் ஏற்பதா என்று கேட்டபோது இருவர் தயங்கினர். அவர்களைக் குறை சொல்லேன்; இருவரும் வருவாய் குறைந்தவர்கள். தோழரும் அதனை ஏற்க மறுத்தார். வழி காட்டியவர் குழுவில் இளையவரான வானொலி திருத்துநர். சுற்றுப்பலகையே வேண்டாம், செப்புக் கம்பியாலும் இருவாயிகளாலும் கையாலேயே பற்றாசு வைத்துக் கோக்கலாம் என்றார் அவர். மரத் தட்டிற் சதுரத் துளை வெட்டி விசைகளை இறுக்கினால் போதும். துளைகளை எங்கே வேண்டுமோ அங்கே வெட்டலாம்.

ஆனால் இரு விரலுக்கு எத்தனை விசை கொடுப்பது? விரலுக்கு ஒரு நிரல், நிரலுக்கு மூன்று விசை, ஆக ஆறு. ஆறு விசையிற் பன்னிரண்டு உயிர் எவ்வாறு அடங்கும்? இவ்வினாவுக்கு விடை நெடுங்கணக்கிலேயே கிடந்தது. அ–ஆ, இ–ஈ, உ–ஊ, எ–ஏ, ஒ–ஓ: குறிலும் நெடிலும் ஐந்து இணை. எஞ்சிய ஐகாரமும் ஔகாரமும் ஆறாவது இணை. விசையிற் குறிலை வைத்து, பெருவிரலால் ஒரு விசையை அழுத்திப் பிடித்தால் அது நெடிலாகுமாறு அட்டவணை எழுதினோம். பெருவிரலின் மற்ற விசை புள்ளி. அதனையும் நெடில் விசையோடு தட்டினால் ஆய்தம். எட்டு விசையில் இடப் பாதி முடிந்தது. வகரமும் ஙகரமும் இடமின்றி வலப்பக்கம் சென்றன. காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் மேலடுக்குக்கு ஏறின. ல, ர, வ, ங, ழ, ஞ எனக் கீழ் நிரை நிறைந்து, அவர் வலக்கையிற் பதினெட்டு மெய்யும் ஒருங்கே நின்றன. தமிழாசிரியர் வாக்கெடுப்பில் தோற்ற அமைப்பு இவ்வாறு ஒரு பலகையிலாவது நிறைவேறியது. அதனைக் காணவென்றே அவர் கரணவாயிலிருந்து பேருந்தில் வந்தார்.

பத்து இணைக்கும் தோழரின் வலப் பாதிக்குமாகச் சுற்றுப்பலகை 21 தேவை. ஐந்தைந்தாகவே தருவார்கள் என்பதால் 25 வாங்கினோம். விசை 449 தேவை. பழுதுக்கும் சேர்த்து 480. பொதி வந்து சேர ஐந்து மாதம் சென்றது. அதில் ஏழு வாரம் தீர்வை பற்றிய கடிதங்களிற் கழிந்தது. ‘தட்டெழுத்துப் பொறியின் உறுப்பா, கணினியின் உறுப்பா’ என்று கேட்டவர்களுக்கு எவ்விடை சொல்வது என்று எங்களுக்கே தெளிவில்லை. பொருத்தும் வேலை என் திண்ணையில் நான்கு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. சந்நிதிக்கு வந்த அன்பர் சிலர் படலையில் நின்று, வானொலிக் கடை திறந்துவிட்டீரா என்று விசாரித்தனர்.

புதிய பலகை கைவர எனக்கு ஏழு வாரம் ஆயிற்று. முதல் வாரத்தில் ஒரு பக்கம் தட்ட அரை நாள். அவ்வேளையில் அவசர வேலை ஏற்கலாகாது. யான் ஏற்றுப் பழைய பலகைக்கு இருமுறை ஓடினேன். பாமினியை மறந்து தமிழ் 99 பழகுவது, பிளந்த பலகையைப் பழகுவதினும் கடினமாயிருந்தது. இளையோர் இருவர் பத்து நாளிற் பழகிவிட்டனர். தோழருக்கு எங்கள் எல்லோரினும் விரைவில் வந்தது. அவர் முன்னர் ஒற்றைக் கையாலேயே தட்டியவராதலால் மறக்க வேண்டியது அவரிடம் குறைவு. அவருடைய குறில் நெடில் அமைப்பை இப்போது முழுவிரலுடைய மூவர் தங்கள் பலகைகளிலும் ஏற்றிக்கொண்டுள்ளனர். யானும் ஒரு திங்கள் முயன்று பார்த்தேன். என் பெருவிரல் புள்ளியையும் நெடிலையும் குழப்பிவிடுகிறது.

எஞ்சிய சுற்றுப்பலகை நான்கும், கண்ணாடிப் பிழையுள்ள மாதிரி ஐந்தும் என்னிடம் உள. நல்லவை நான்கில் இரண்டு இணை ஆகும்; விசைகளும் முப்பத்தொன்று மிச்சம். பிழையானவற்றைப் பற்றாசு வைத்துப் பழகுவதற்கு மாணவர் கேட்டால் கொடுக்கலாம். இரண்டாம் முறை வாங்குவதற்கு இதுவரை அறுவர் பெயர் தந்துள்ளனர். முற்பணம் இன்னும் கேட்கவில்லை.